பேனாவைத் தூக்கு என்ற கான்சல் நைனா

கான்சல் நைனாவுக்குத் தெரியாத தூதரகம் இந்த உலகத்தில் கிடையாது. கப்பல்தான் தெரியாது. செவ்வாப்பேட்டை வரைக்கும் ரயிலேறவே மூன்று நாள் யோசிக்கிற மனிதர்.

ஐம்பதுகளில் பொன்னேரி ரிஜிஸ்தர் ஆபீசில் நான் குமாஸ்தா. வாசல் புங்கமரத்தடியில் நைனா பத்திரம் எழுதுவார். ரங்கூன், மலாயா என்று பிழைக்கப் போனவர்கள் ஊரிலுள்ள மனையை விற்க வேண்டுமானால், மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அங்கிருக்கும் நம் தூதரக அதிகாரியின் கண்முன்னே கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். வேலை செய்யும் கடையிலேயே முன்கூட்டிப் போட்டுக்கொண்டு போனால் செல்லாது.

அதனால் கப்பலேறப் போகிற எவரையும் நைனா விடமாட்டார். பிடித்து உட்காரவைத்து ஒத்திகை நடத்துவார். அவர்தான் கான்சல், அதாவது தூதரக அதிகாரி. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார்.

"நான் பாக்கசொல்ல போடு. பாக்கலன்னா பேனாவத் தூக்கு."

"எம்மா நேரம் நைனா தூக்கிக்கினு இருக்கறது?"

"நான் பாக்கற வரிக்கும்."

பழவேற்காட்டு கதீஜா பீவியின் கணவரும் இப்படிப் பாடம் கேட்டுவிட்டு ரங்கூன் போனவர்தான். அங்கே கைலிக் கடை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர் பவர் அனுப்பினால்தான் மனையை விற்றுக் கல்யாணம் நடத்தலாம். பத்திரத்தை எதிர்பார்த்திருந்த கப்பலில் கடிதம்தான் வந்தது. பீவி அதை எடுத்துக்கொண்டு நேரே புங்கமரத்தடிக்கு வந்துவிட்டார்.

"இன்னா நைனா இப்டிப் பண்ட்டீங்க? ஆபீசரு வேற பேப்பரப் பாத்துக்கினே 'போடுய்யா'ன்னாராம். எங்க ஊட்டுக்காரரு பேனாவத் தூக்கிக்கினு குந்திக்கினாராம். ரெண்டு நாளு போயும் வெளிய அனுப்ட்டாராம்."

"போடலியே?"

"போடல."

"அப்பாடா," என்றார் நைனா.

"இன்னா அப்பாடா? கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாளுதான் கீது. நின்னு போச்சுன்னா எம்பொண்ணு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அன்றிலிருந்து நைனா சரியாகச் சாப்பிடவில்லை. தினம் காலையில் தபாலாபீஸ் போய் நின்றுவிடுவார். தபால்காரர் அவரைக் கண்டால் பின்கட்டு வழியாகப் போக ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பவர் வந்தது. எங்கள் அதிகாரி வாங்கிப் படித்தார். 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்ற வரியின் கீழே ரங்கூன் தூதரக அதிகாரி இரண்டு கோடு போட்டிருந்தார். அழுத்திய அழுத்தில் காகிதமே லேசாகக் கிழிந்திருந்தது. மறுபேச்சில்லாமல் அன்றே மனை ரிஜிஸ்தர் ஆயிற்று. பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்துவிட்டுப் போனார்.

நகலெடுப்பதற்காக என்னிடமிருந்த பவரை நைனா ஒரு தரம் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன்.

"இந்த ஒரு கையெழுத்துக்கு ஏன் நைனா இம்மாம் பாடு?"

"என் தம்பி மலாயாவுல இருந்தான் சார். கடையிலியே கையெழுத்துப் போட்டுக்கினு முத்திரைக்குப் போயிட்டான். செல்லாதுன்ட்டாங்க. வேற எழுதி அனுப்பசொல்லி நான் போட்ட கடுதாசி திரும்பி வந்துடுச்சு. அதுக்குள்ள அவன் செத்துப்பூட்டான்."

ஆபீசைப் பூட்டும் நேரமாகிவிட்டது. பீவியின் கணவர் போட்ட கையெழுத்தையே அவர் விரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பத்திரத்தைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.