ஐஜிடிப் போத்தலும் யேசுரட்ணத்தின் எரிச்சலும்

ராஜேந்திரனின் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று யேசுரட்ணம் முடிவெடுத்துவிட்டார். அந்த மூக்கில்தான் வினையே தொடங்கியது.

சட்டன் என்ற ஊரில் இவருக்கு அடுத்த வீட்டுக்காரர் ராஜேந்திரன். டிசம்பரில் நத்தார் விருந்துக்கு வந்தவர், சிவப்பு வைன் கிளாசுக்குள் மூக்கை நுழைத்து, "செரிப்பழ வாசம் வருது. இது இத்தாலிதான்" என்றார். யேசுரட்ணத்தின் மனைவி பெர்னடெற் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினாள். கலியாணம் கட்டிய நாள் முதல் யேசுரட்ணம் சொன்ன எதற்கும் அவள் அப்படித் தலையாட்டியதில்லை. ஆட்டினாலும் அது இடம் வலமாகத்தான் ஆடும்.

அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஓட்டும் வேலை. இடைவேளை கிடைத்தால் போதும், போனில் இத்தாலிய வைன் படிப்புத்தான். தரவரிசையின் உச்சியில் டிஓசிஜி, அந்தப் போத்தலின் கழுத்தில் அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கும். அடுத்தது டிஓசி. அதற்கும் கீழே ஐஜிடி. அடிமட்டத்தில் சும்மா மேசை வைன்.

ஈஸ்டருக்கு ராஜேந்திரனையும் மனைவி பாமாவையும் கூப்பிட்டார். முத்திரை ஒட்டிய போத்தலொன்றை மேசை நடுவில் சுரூபம் மாதிரி நிறுத்தினார். ராஜேந்திரன் கொண்டுவந்து நீட்டிய போத்தலைத் திருப்பிப் பார்த்தார். ஐஜிடி! மனதுக்குள் சீனவெடி வெடித்தது.

"இஞ்சாரும் பெர்னடெற், இது ஐஜிடி. கறிக்கு விடும்."

"கறிக்கோ? யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம். கறிக்குத்தான் சரி."

"பிறகு கேக்கக் கூடாது."

போத்தலோடு அவள் குசினிக்குப் போனாள். பாமாவும் பின்னாலேயே போனாள்.

யேசுரட்ணம் மேசையில் பாடம் எடுத்தார். ராஜேந்திரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெற்றி! ஆனால் குசினிக்குள் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். எழும்பிப் போய் எட்டிப் பார்த்தார். இருவர் கையிலும் கிளாஸ். போத்தலில் பாதியைக் காணவில்லை.

"கறிக்கெல்லோ விடச் சொன்னனான்!"

"இதைக் கறிக்கு விட்டா கர்த்தர் மன்னிக்கமாட்டார்" என்றாள் பெர்னடெற். "இதைச் செய்த ஆள் அந்த ஊர் விதியிலை இல்லாத திராட்சையைச் சேர்த்துப்போட்டார். அதாலைதான் ஐஜிடி. ருசி குறைஞ்சதாலை இல்லை."

யேசுரட்ணம் சீறினார். "ராஜேந்திரனோ சொல்லித் தந்தவர்?"

பாமாவுக்குப் புரையேறியது. "அவரோ? அண்ணை, அவரின்ரை வாயிலை வாற ஒவ்வொரு சொல்லும் நான் பாடமாக்கிக் குடுத்தது. எனக்குப் படிப்பிச்சது உங்கடை பெர்னடெற்."

"நீரோ? எங்கை படிச்சனீர்?"

"வியாழக்கிழமையிலை வைன் வகுப்புக்குப் போறன். எங்கை போறீரெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

செபக்கூட்டம் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! மெல்ல ஒரு கிளாஸை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் விடுமன்."

பெர்னடெற் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"மேசையிலை முத்திரை போட்டது இருக்கு. போய் ராஜேந்திரன் அண்ணையோடை இருந்து குடியுங்கோ. ரெண்டு பேரும் ஒரே வகுப்புத்தான்."