யாரும் மெயிலைத் திறக்காதீர்கள்

"சார், பதறாம கேளுங்க. உங்க வெப்மெயில்ல ஒரு ஓட்டை இருக்கு. வர்ற மெயிலைத் திறந்தாலே போதும், திருடன் சர்வருக்குள்ள வந்துடுவான்" என்றார் தொலைபேசியில், மென்பொருள் நிறுவனத்தின் பெண் பொறியாளர்.

பதறாமல் கேட்கும் பழக்கம் தபாலுக்குக் கிடையாது. எடைக் கருவிகள் செய்யும் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தமையால், அலுவலகத்தார் அவருக்குச் சூட்டிய பெயர் அது.

"அதை அடைக்க பேட்ச் வந்தாச்சு. முதல்ல நீங்க ஒண்ணு பாருங்க சார், உங்க சர்வர்ல..."

"எல்லாம் நான் பார்த்துக்கறேம்மா!" என்று தபால் தொடர்பைத் துண்டித்தார். அவருக்கு அச்சம் பாதி, ஆனந்தம் பாதி. வேலையில் சேர்ந்த நாள்முதல் அவர் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த ஆபத்து ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது!

அதுவும் எப்பேர்ப்பட்ட நாளில்! சில மாதங்களாக அவ்வலுவலகத்தின் மின்னஞ்சல் அப்பழுக்கின்றி ஓடிக்கொண்டிருந்தது. குப்பை மெயில்கள் போன இடம் தெரியவில்லை. ஆமை வேகத்தில் ஊர்ந்த கோப்புகள் கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இதற்காகத் தபால் ஒரு விரலையும் அசைக்கவில்லை. பாராட்டுகளை மட்டும் அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டார். அதன் பயனாக, அன்று மாலைக் கூட்டத்தில் அவரைக் கணினிப் பிரிவின் தலைவராக முதலாளி அறிவிக்கவிருந்தார்.

"இனிமே என் தம்பி உங்களைத் தபால்னு கூப்பிடட்டும், பேசிக்கறேன்" என்று காலையில்தான் மனைவி சூளுரைத்து அனுப்பியிருந்தாள்.

தபால் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. நிறுவனத்தார் அனைவருக்கும் சிவப்பு எழுத்தில் ஒரு மெயிலை அனுப்பினார்: 'ஆபத்து! யாரும் எந்த மெயிலையும் திறக்காதீர்கள்.'

தடுப்புக்கு அப்பாலிருந்து கணக்குப் பிரிவு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், திறக்காதீங்கன்னு எழுதியிருக்கறதை, திறக்காம நான் எப்படிப் படிக்கறது?"

"இதை மட்டும் திறக்கலாம்மா!"

"அதைச் சொல்ல இன்னொரு மெயில் வருமா?"

தபாலுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. இரண்டாவது மெயிலும் பறந்தது. உடனே அலுவலகம் முழுவதும் 'சரி', 'புரிந்தது', 'எதைத் திறக்கக் கூடாது?' என்று எல்லாரும் எல்லாருக்கும் பதில் எழுதினர்; வந்த பதில்களை ஒன்றுவிடாமல் திறந்தும் படித்தனர்.

"சார், அந்தப் பொறியாளர் மறுபடி லைன்ல இருக்காங்க" என்றாள் வரவேற்பாளர்.

"வீடு பத்தி எரியறப்போ பேச்சு என்ன பேச்சு? அப்புறம் பேசறேன்னு சொல்லு!"

சர்வரையே நிறுத்திவிடுவதென்று முடிவு செய்து, அவர் முதலாளியின் அறைக்கு ஓடினார். சர்வரை நிறுத்த முதலாளியின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி மெயிலில்தான் வரவேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி.

"மெயில் போடுங்க, ஓகே பண்றேன்" என்றார் முதலாளி.

"மெயிலைத்தான் திறக்கக் கூடாதே சார்!"

"திறக்காம எப்படிய்யா ஓகே பண்றது?"

"வாயால சொல்லிடுங்க சார்."

"நான் வாயால சொல்லிட்டு அப்புறம் இல்லன்னுடறேன்னு, இந்த ரூலைப் போட வெச்சதே நீங்கதானே?"

தபால் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"இங்க பாருங்க. இன்னிக்கு மெயில் நின்னா உங்க பதவியும் நின்னுபோயிடும்" என்று முதலாளி முடித்துவிட்டார்.

இனி ஒரே வழிதான். அன்று வந்த மெயில்கள் அனைத்தையும் எல்லாருடைய பெட்டியிலிருந்தும் தாமே அழித்துவிட்டால் நஞ்சும் சேர்ந்து ஒழியும். தபால் சர்வர் அறைக்குள் புகுந்து, கட்டளையைத் தேர்ந்து, கண்களை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். 'இன்றையவை' என்பதற்கு மேலிருந்த 'அனைத்தும்' என்பதன்மீது அம்புக்குறி நின்றதைக் கண்களைத் திறந்த பிறகே கண்டார்.

வெளியே கூக்குரல் எழுந்தது.

"ஐயோ, என் இன்பாக்ஸ் காலி!" இது விற்பனை மேலாளர்.

"பத்து வருஷத்து மெயிலும் போச்சு! சார், நகல் எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?" இது கணக்குப் பிரிவு அம்மாள்.

நகல் வைக்கவேண்டிய வட்டு இருக்கத்தான் செய்தது. அதில் மைத்துனனின் கல்யாண வீடியோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வரவேற்பாளர் கதவைத் தட்டி, "சார், அந்தப் பொறியாளர்..." என்றதும், "நான் செத்துட்டேன்னு சொல்லு!" என்று தபால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நிகழ்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அம்மாள் கைதட்டினார். பெட்டிகள் மளமளவென்று நிரம்பின. ஒரு மெயிலும் குறையவில்லை. முன்பு எப்போதோ காணாமற்போன பழைய மெயில்களும்கூடத் தேதி வரிசையில் வந்து அமர்ந்திருந்தன.

முதலாளி ஓடிவந்து தபாலைத் தூக்கி நிறுத்தினார். "எப்படிய்யா பண்ணீங்க?"

"ஒரு சின்ன ஒத்திகை சார். எல்லாரும் உஷாரா இருக்காங்களான்னு பார்த்தேன்" என்றார் தபால், முகத்தைத் துடைத்தபடி.

மாலைவரை காத்திருக்க முதலாளிக்கு மனமில்லை. அறிவிப்பு அங்கேயே நடந்தேறியது. கைதட்டல் அடங்கும் முன்னரே தபால் மனைவியை அழைத்து, "உன் தம்பிகிட்டச் சொல்லிடு!" என்றார். பின்னர் பெருந்தன்மையுடன் பொறியாளரின் அழைப்பையும் ஏற்றார்.

"ரொம்ப நன்றிம்மா! ஓட்டையை அடைச்சு, போன மெயிலையும் கொண்டுவந்து கொடுத்துட்டீங்க. என்னைத் தலைவராவே ஆக்கிட்டாங்க!"

"நான் எதையும் தொடலையே சார்! இங்கேர்ந்தே உங்க சர்வர் பதிவுகளைப் பார்த்துட்டு, அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து கூப்பிடறேன். அந்த ஓட்டை வழியா ஒருத்தன் எப்பவோ உள்ள வந்துட்டான். இன்னொரு திருடன் வந்துடக் கூடாதுன்னு பேட்ச் போட்டு அடைச்சது, குப்பையைக் கூட்டினது, நகல் எடுத்து வெச்சது, நீங்க அழிச்சதை இப்போ திருப்பி வெச்சது எல்லாம் அவன்தான். இத்தனை மாசமா உங்க வேலையை அவன்தான் சார் பார்த்துட்டிருக்கான்!"