மச்சானுக்குக் காய்ச்சிய கசப்பு

பிப்ரவரி மாதத்து மூன்றாம் ஞாயிறு, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எர்மினியோ ஒரு முடிவுக்கு வந்தார். மச்சானை விரட்ட வேண்டும். அடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. மச்சான் தானாக எழுந்து, தானாகத் தொப்பியை எடுத்து, தானாகப் படியிறங்கிப் போக வேண்டும்.

மச்சான் துல்லியோ, எர்மினியோவின் மனைவி ஒர்னெல்லாவுக்கு ஒரே தம்பி. வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. வருடத்துக்கு இரண்டு நாள்தான் சாப்பிட வருவான், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். ஜனவரிக் கடைசியில் எர்மினியோ இரண்டு ஞாயிறு காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் போனது, துல்லியோ வந்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு உட்காருவான், மாலை ஆறுக்கு எழுந்திருப்பான். ஐந்தரை மணி நேரம். அதில் நாலு மணி நேரம் தன் முழங்காலைப் பற்றிப் பேசுவான். காய்ச்சலே தேவலை என்று எர்மினியோவுக்குத் தோன்றியது.

அவருக்கு அவசரம் இருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மண் களத்தில் ஞாயிறு மூன்று மணிக்குப் போச்சே ஆட்டம். ஒரு சின்னக் குண்டை முதலில் விட்டெறிந்து, பெரிய குண்டுகளை அதன் பக்கத்தில் யார் நெருக்கமாக உருட்டுகிறார்கள் என்று பார்க்கிற ஆட்டம். எர்மினியோவும் சபீனோவும் பத்தொன்பது வருடமாக ஜோடி. ஏப்ரல் கடைசி ஞாயிறு ஊர்ப் போட்டியில் ஆறு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார்கள். முதலாவதாக வந்ததே இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் டேப் பிடித்த மனிதருக்கு, ஆறு தடவையும் எத்தனை சென்டிமீட்டரில் போச்சு என்பது மனப்பாடம். இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தார். மச்சான் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"உன் தம்பிக்கு வீடு இல்லையா?" என்று ஒர்னெல்லாவைக் கேட்டார்.

"இருக்கே. பேசத்தான் ஆள் இல்ல."

"நானும் பேசுறதில்லையே."

"அதான் அவனுக்குப் பிடிச்சிருக்காம். அத்தான் குறுக்க பேசாம கேக்குறாருன்னு சொல்றான்."

"மூணு மணிக்கு நான் களத்துக்குப் போகணும்."

"போங்களேன். விருந்தாளிய மேஜையில விட்டுட்டுப் போன மனுஷன்னு எதிர்வீட்டு ஜன்னல்ல பேசிக்குவாங்க."

"நீ இருக்கியே."

"எனக்கு மூணு மணிக்குக் கன்னியர் மடத்துல செபமாலை."

"இது எப்பலருந்து?"

"இந்த மாசத்துலருந்து. உங்களுக்கு வேண்டிக்கிட்டதுதான். காய்ச்சல் போச்சுல்ல?"

"சரி, அவனையும் களத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க போற வழி இறக்கம். அவன் முழங்கால் தாங்குமா?"

ஆக, எல்லா வாசலும் அடைத்திருந்தது. எர்மினியோ யோசித்தார். விருந்து முடிந்து காப்பி வரும். காப்பிக்குப் பின்னால் ஒரு சின்னக் கோப்பையில் அமாரோ வரும். வேரும் தழையும் பட்டையும் ஊறிய கசப்புச் சாராயம். அது வந்தால் விருந்து முடிந்தது, எழுந்திரு என்று அர்த்தம். அந்த ஊரில் இது விஷயமாக இரண்டு கட்சி. அமாரோ சொர்க்கம் என்பவர்கள் ஒரு கட்சி. தண்டனை என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சிக்காரர்கள் வெளியே சொல்வதில்லை, ஆண்மைக்குக் குறைவு. எர்மினியோ நாற்பத்தொரு வருடமாக முதல் கட்சிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விழுங்கி வந்த இரண்டாம் கட்சிக்காரர்.

துல்லியோ மட்டும் வெட்கமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். காப்பிக்கே மூன்று சர்க்கரை போடுகிறவன். ஆறு வயதில் பூச்சி மருந்தை டாக்டர் மேலேயே துப்பியவன். கடை அமாரோவாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாம். வீட்டுக்காரர் தன் கையால் காய்ச்சியதை வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் எவனுக்கும் உரிமை கிடையாது.

எர்மினியோ காய்ச்சினார்.

முதல் வாரம் ஜென்சியானா வேர் முப்பது கிராம், ஒரு லிட்டர் சாராயத்துக்கு. தராசில் நிறுத்துப் போட்டார். ஏழு நாள் ஊறியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நம் நிலவேம்புக் கஷாயம் அதற்குப் பக்கத்தில் பாயசம்.

ஞாயிறு ஒர்னெல்லா இரண்டு மண் கோப்பைகளை எடுத்து வைத்தாள். உள்ளே பழுப்பு மெருகு. ஒன்றுக்கு வெளியே நீலக் கோடு, இன்னொன்றுக்கு வெள்ளை.

"தம்பிக்கு நீலம். உங்களுக்கு வெள்ளை. மாத்திடாதீங்க, அவன் மனசு நோகும்" என்று சொல்லிவிட்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

எர்மினியோ தன் கையாலேயே ஊற்றினார். துல்லியோ கோப்பையைத் தூக்கினான். குடித்தான். உதட்டை நக்கினான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அத்தான். கொஞ்சம் கசப்பு கூடினா இன்னும் நல்லாருக்கும்."

அடுத்த வாரம் வேர் அறுபது கிராம், கூடவே எட்டிப் பார்த்தாலே கசக்கும் மாசிப்பச்சை ஒரு கைப்பிடி. துல்லியோ கோப்பையின் அடியையும் வழித்து நக்கினான். அதற்கடுத்த வாரம் கூனைப்பூ இலை, சிங்கோனாப் பட்டை. "அத்தானுக்குக் கைராசி" என்றான் துல்லியோ. எர்மினியோ தன் வெள்ளைக் கோப்பையில் ஒரு வாய் விழுங்கினார். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எதிரே துல்லியோ சப்புக்கொட்டிக்கொண்டே முழங்காலின் ஏழாம் அத்தியாயத்தை ஆரம்பித்தான்.

எர்மினியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாக்கு பழுதா, மச்சான் பழுதா, வேர் பழுதா? புட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். மருந்துக் கடைக்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள். சர்ச் மணியடிப்பவர் கண்ணை மூடி ரசித்து, புட்டியையே கேட்டார். முடிதிருத்துகிறவர் முகர்ந்து பார்த்து, "இது சவரம் பண்ணினப்புறம் தடவுறதா?" என்றார். ஒரே புட்டி, மூன்று தீர்ப்பு. போனதை விடக் கூடுதல் குழப்பத்தோடு வீடு திரும்பினார்.

வீட்டிலும் எதுவும் சரியாக இல்லை. கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும் டேப், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்காது. திங்கள் காலை இருக்கும்.

"வயசாகுதுல்ல" என்றாள் ஒர்னெல்லா.

அவள் காலணியில் ஒவ்வொரு ஞாயிறும் செம்மண்.

"மடத்துல தரை பெயர்த்துப் போட்டிருக்காங்க" என்றாள்.

கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிய திராட்சைப் பாகு ஜாடியில் பாதிக்கு மேல் காணோம், ஈஸ்டருக்கோ பலகாரம் எதுவும் செய்யவில்லை. அதையும் கேட்டார்.

"எறும்பு" என்றாள்.

துல்லியோ வரத் தொடங்கிப் பன்னிரண்டாவது ஞாயிறு வந்தபோது கலவையில் ஒன்பது மூலிகை, இருநூற்று நாற்பது கிராம். துல்லியோ குடித்துவிட்டு, "அத்தான், இதைக் கடையில வெச்சா வரிசையில நிப்பாங்க" என்றான்.

அந்த வாரம் வியாழன், சந்தையில் சபீனோ எதிரே வந்தார்.

"இந்த ஞாயிறு போட்டி. நீ வரப்போறதில்ல, எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படியாவது வர்றேன்யா."

"வேணாம். ஆள் பாத்தாச்சு."

"யாரு?"

"போட்டியன்னிக்குப் பாரேன். இடது கை ஆட்டம். உருட்டினா குண்டு போய்ச் சின்னக் குண்டு மேல சாஞ்சுக்குது, பூனை மாதிரி."

"என்னைவிடவா?"

சபீனோ ஒரு முட்டைக்கோசை எடுத்து, எடை சரியா என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டில் எர்மினியோ ஊரிலுள்ள இடது கைக்காரர்களை எண்ணினார். முடிதிருத்துகிறவர் ஒன்று. ஆனால் அவருக்குக் கிட்டப்பார்வை. மணியடிப்பவர் இரண்டு. ஞாயிறு மூன்று மணிக்கு அவருக்கு மணி. ரொட்டிக்கடை முதலாளி மூன்று. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

"இன்னும் யாரு இருக்கா, இடது கை?" என்றார்.

ஒர்னெல்லா இடது கையில் கரண்டியைப் பிடித்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள். "ஆறிடும், குடிங்க."

குடித்தார்.

பதிமூன்றாவது ஞாயிறு. ஒர்னெல்லா ஒன்றரைக்கே கிளம்பிவிட்டாள். இன்றைக்கு விசேஷச் செபமாலையாம், நீளமாம். கோப்பைகளை அலமாரித் தட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

"காப்பி போட்டுக்கோங்க. தம்பிக்கு நீலம்" என்று படியிறங்கும்போதும் ஒரு தடவை சொன்னாள்.

எர்மினியோ காப்பி போட்டார். பிறகு கோப்பைகளை எடுத்தார். பத்து வாரத்தில் அவற்றை அவர் கையால் எடுப்பது அதுதான் முதல் தடவை. வலது கையில் வெள்ளை. இடது கையில் நீலம். நின்றார். இரண்டையும் கை மாற்றிப் பிடித்தார். முப்பத்தெட்டு வருடம் அளந்த கை பொய் சொல்லாது. நீலம் கனம்.

சாய்த்தார். உள்ளே, பழுப்பு மெருகோடு மெருகாக, எதுவோ மெதுவாக நகர்ந்தது. விரல் விட்டு நக்கினார். திராட்சைப் பாகு. அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் குறைவு.

எர்மினியோ இரண்டிலும் அமாரோ ஊற்றினார். மேஜைக்குப் போனார். நீலத்தைத் தன் முன்னால் வைத்துக் கையால் மூடிக்கொண்டார். வெள்ளையைத் துல்லியோவிடம் நகர்த்தினார். முழங்கால் கதையின் உச்சத்தில் இருந்த துல்லியோ, பார்க்காமலே எடுத்து ஒரே வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

கதை நின்றது. துல்லியோவின் காது முதலில் சிவந்தது, பிறகு மூக்கு. மேஜைத் துணியின் ஒரு முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்தான். பிறகு துணியைத் துப்பினான்.

"அத்தான். நீலம் எங்க?"

"இங்க. பாகு நல்லாருக்கு."

"அக்காகிட்ட சொல்லிராதீங்க."

"எதை?"

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

"எனக்கு என்னடா தெரியும்? ஒண்ணும் தெரியல. கசப்பு பிடிக்காதவன் எதுக்குடா வாராவாரம் வந்து உக்காந்தே?"

"நான் எங்க வந்தேன்? வரவெச்சா. ஞாயித்துக்கிழமைன்னா நான் ஆத்துல மீன் பிடிக்கிறவன். பதிமூணு வாரமா ஆத்தைக் கண்ணால பாக்கல."

"வரமாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சட்டை."

"என்ன சட்டை?"

"வாரத்துக்கு ஏழு சட்டை அத்தான். துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அனுப்புறது யாரு? 'ஆறு மணி வரைக்கும் அத்தானைப் பிடிச்சு வை, இல்லன்னா இனிமே நீயே தேச்சுக்கோ'ன்னுட்டா."

எர்மினியோ நீலக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் உன்னைத் துரத்தக் காய்ச்சினேன். நீ என்னைப் பிடிச்சு வெக்கக் குடிச்சியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கேக்கல. கேட்டா சட்டை சுருங்கிடும்."

"முழங்கால்?"

"அதுவும் அக்கா சொல்லிக்குடுத்ததுதான். நாலு மணி நேரத்துக்கு வேற எதைப் பத்திப் பேசுறது?"

துல்லியோ தொப்பியை எடுத்தான். தானாக எழுந்தான். தானாகப் படியிறங்கினான், இரண்டிரண்டு படியாக. நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது. அதுதான் எர்மினியோவுக்குப் பயமாக இருந்தது.

கோட்டைப் போட்டார். பையில் கைவிட்டார். டேப் இல்லை. ஞாயிறு அல்லவா. தனக்குப் பதிலாக ஆடுகிற ஆளையாவது பார்ப்போம் என்று இறக்கத்தில் இறங்கினார்.

களத்துச் சுவரெல்லாம் ஆட்கள். கடைசிச் சுற்றின் கடைசிக் குண்டு அப்போதுதான் உருண்டு நின்றிருந்தது. எது நெருக்கம் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. சபீனோ மண்டியிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையை யாரோ குனிந்து பிடித்திருந்தார்கள், இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டேப் யாருடையது என்று எர்மினியோவுக்குத் தெரிந்தது. மூன்றாவது மீட்டரில் மசிக் கறை. பிடித்திருந்தது இடது கை. அந்த மணிக்கட்டில் செபமாலை சுற்றியிருந்தது.

"நாலு சென்டிமீட்டர் ஆறு மில்லி" என்று முதுகு சொன்னது. "அவங்களுது அஞ்சு ரெண்டு. நம்மளுது."

சுவர் முழுவதும் கை தட்டியது. ஒர்னெல்லா நிமிர்ந்து, பாவாடையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, திரும்பினாள். புருஷனைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. மணி என்ன என்றுதான் பார்த்தாள்.

"துல்லியோ ஆறு வரைக்கும் தாங்கலையா?" என்றாள்.

"நீ மடத்துல இல்லையா?"

"ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு செபம் சொன்னேன். கணக்கு சரியா இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"பத்தொன்பது வருஷம் அந்தச் சுவர்ல காப்பி பிளாஸ்க்கோட உக்காந்து சொன்னேன். மெதுவா விடுங்க, மெதுவா விடுங்கன்னு. என்ன பதில் சொன்னீங்க?"

எர்மினியோவுக்கு ஞாபகம் வந்தது. 'இது அடுப்பு இல்ல' என்று சொல்லியிருந்தார். எத்தனை தடவை என்றுதான் தெரியவில்லை. வாழ்க்கையில் அவர் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

சபீனோ டேப்பைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "நீ காய்ச்சல்ல படுத்தப்ப உன் வீட்டம்மா அதைச் சொல்ல வந்தாங்க. ஆள் குறையுதேன்னு சும்மா ஒரு குண்டைக் கையில குடுத்தேன். அதுக்கப்புறம் நீ எழுந்திருக்காம இருந்தா நல்லதுன்னு எனக்கே தோணிடுச்சு. தப்பா நினைக்காதே."

முதல் பரிசு ஒரு பெரிய கூடை. ஒர்னெல்லா அதை வாங்கி நேராகக் கொண்டுவந்து எர்மினியோவின் இரண்டு கையிலும் வைத்தாள். உள்ளே ஒரு வட்டப் பாலாடைக்கட்டி, அதைச் சுற்றி ஆறு புட்டி.

"பத்திரம். ஆறும் அமாரோ. அடுத்த ஞாயிறு மாவட்டப் போட்டி, எனக்கு ரெண்டு மணிக்கே பஸ். நீங்களும் துல்லியோவும் உக்காந்து குடிங்க."

"அவன் ஆத்துக்குப் போயிட்டான். எல்லாத்தையும் சொல்லிட்டான். இனிமே வரமாட்டான்."

"வருவான். வாரத்துக்கு ஏழு சட்டை."

"நான் வீட்ல இருக்க மாட்டேன். களத்துக்கு வருவேன்."

அவருடைய சட்டைக் காலரில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது. அதை ஒர்னெல்லா இடது கை விரலால் மெதுவாக நீவிவிட்டாள்.

எர்மினியோ கூடையோடு நின்று எண்ணிப் பார்த்தார். அவருக்கும் வாரத்துக்கு ஏழுதான்.