பெரியம்மா என்கிற ஒரே ஒரு வரி

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும்; இல்லையென்றால் இதற்குள் அம்மாவுக்குத் தெரிந்து, அம்மா மூலம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். மாமிக்கு என் வணக்கம். நலம் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் உங்கள் அக்காவிடம், அதாவது எங்கள் மாடிவீட்டுப் பெரியம்மாவிடம், ஒரு வார்த்தை பேச வேண்டும். பேசாவிட்டால் எனக்குக் கல்யாணம் இல்லை. தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எந்தக் கடிதத்தையும் முதல் பாராவோடு மடித்து வைத்துவிடுவீர்கள் என்று மாமி சொல்லியிருக்கிறார்.

என் அக்கா கல்யாணத்தில் ஒருவரை நான் வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டு, அவர் எனக்குத் தாத்தா ஆகவேண்டும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதற்கு மனப்பாடம் தீர்வே இல்லை. ஆபீசில் நான் டேட்டாபேஸ்தான் செய்கிறேன், வீட்டுக்கும் ஒன்று செய்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் மூன்றே கேள்வி: யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டிக்கொண்டார், யாரோடு பிறந்தார். அத்தை, மச்சான், கொழுந்தியாள் என்று எதையும் யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை. எந்த இரண்டு பேரைக் காட்டிக் கேட்டாலும் மெஷினே வரியோடு வரியைக் கோத்து, இன்னாருக்கு இன்னார் இன்ன முறை என்று சொல்லிவிடும். அப்பா பார்த்துவிட்டு, அண்ணன் பொண்டாட்டி அண்ணி என்று எல்லோருக்கும் தெரியுமே, இதற்கு எதற்குக் கரண்டு செலவு என்றார். ஒரு படி தள்ளி இருந்தால் எல்லோருக்கும் தெரியும்பா, ஆறு படி தள்ளி இருந்தால் நீங்களும் முழிப்பீர்கள் என்றேன். சோதித்தோம். முழித்தார்.

விவரம் சொன்னது அம்மா, தட்டியது நான். மாடிவீட்டுப் பெரியம்மா முறை வந்ததும், யாருக்குப் பிறந்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார். யாரோடு பிறந்தார் என்றேன். "என் கூடத்தான்" என்றார். ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி தண்ணி மோட்டார் சண்டையிலதானே அறிமுகமானீங்க என்று சொல்லிப் பார்த்தேன். "நான் ஆபரேஷன் பண்ணிக் கிடந்தப்ப ஆஸ்பத்திரியில பதினோரு நாள் தரையில படுத்தது யாருடா? கூடப் பொறந்ததுங்க எட்டிக்கூடப் பார்க்கல" என்றார். மெஷினில் ஆபரேஷனுக்குக் கட்டம் கிடையாது. எனக்கு அடுத்த நூற்றெழுபது பேர் பாக்கி. சொன்னபடியே போட்டுவிட்டேன். டிசைனில் தப்பில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெண் விஷயம். மாடிவீட்டுப் பெரியப்பாவின் தம்பி மகள், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள், உங்களுக்குத் தெரியும். என் பவரை மூன்று தடவை சோதித்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் தேவையில்லாதவை என்று இருவருக்குமே தெரியும். பெரியம்மாதான் இரண்டு வீட்டிலும் பேசி எல்லாவற்றையும் கூட்டிவைத்தார். போன ஞாயிறு அவள் அப்பா, அம்மா, அவள் மூவரும் வந்தார்கள். அவள் அப்பா நிலம் அளக்கிற சர்வேயர். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் அவருக்கு அது உண்மை. மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று அவர் கேட்க, நான் சும்மா இருக்காமல் டிவியில் மெஷினைப் போட்டுக் காட்டினேன். நாலைந்து உறவு கேட்டார், டக் டக்கென்று வந்தது. அசந்துபோனார். "அப்ப எங்க பொண்ணு உங்களுக்கு என்ன ஆகணும்னு கேளுங்க பார்ப்போம்" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். அம்மாவோடு பிறந்தவர் பெரியம்மா, அவர் கணவர் பெரியப்பா, அவர் தம்பி சித்தப்பா, அவர் மகள்... ஐம்பது இஞ்ச் டிவியில் கொட்டை எழுத்தில் வந்தது: தங்கை.

சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதெல்லாம் வாய்வார்த்தைக்குச் சொல்றதுங்க என்று அப்பா சமாளித்தார். "ரெக்கார்டுல இருக்கே சார்" என்றார் அவர். "அடுத்த ஞாயிறு வர்றோம். சரியா இருந்தா பேசுவோம், இல்லன்னா வேற இடம் ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்காங்க." அவள் மட்டும் செருப்பு மாட்டும்போது என்னிடம், "எனக்கு ஏற்கெனவே ரெண்டு அண்ணன் இருக்காங்க, போதும். சீக்கிரம் சரி பண்ணு" என்றாள்.

சரி பண்ணுவது ஒரு வரியை அழிக்கிற வேலை, இரண்டு வினாடி. ஆனால் பெரியம்மா கீழே இறங்கி வந்து அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். அழிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், பன்னிரண்டு வருஷமாக அவர் வீட்டில் இருந்த எங்கள் குக்கரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. அந்த வரியை அழித்தால் தானும் மாடிக்கே குடிபோய்விடுவதாக அப்பா மூலம் சொல்லி அனுப்பினார்.

உங்கள் அக்கா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். இது பாசம் சம்பந்தப்பட்டதல்ல, வெறும் தகவல் பிழை என்று புரியவையுங்கள். விதிகள் சரி, மெஷின் சரி, நான் சரி. போட்ட தகவல் ஒன்றுதான் தப்பு. தப்பை எடுத்தால் எல்லாம் நேராகிவிடும். இதில் யோசிக்க எதுவுமே இல்லை.

மாமிக்கும் உங்கள் முழங்கால் வலிக்கும் என் விசாரிப்புகள். உங்கள் ஆசி என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: எதையும் அனுப்பும் முன் சோதிப்பது என் தொழில் வழக்கம். ஒரு நகல் எடுத்து அதில் அந்த வரியை மட்டும் அழித்தேன். அவள் எனக்கு யார்? 'உறவு இல்லை' என்று வந்தது. அருமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடிதம் போகிற ஆள் சரிதானா என்று உங்களைப் பற்றியும் கேட்டுத் தொலைத்தேன். 'உறவு இல்லை.' திருப்பிக் கேட்டேன், மெஷின் அசையவில்லை. நீங்கள் எங்களுக்கு மாமா ஆனதே பெரியம்மாவின் தம்பி என்கிற வழியில்தான், வேறு வழியே கிடையாது. அக்கா கல்யாணத்தில் அம்மாவோடு நிஜமாகப் பிறந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க, வாசலில் மூன்று மணி நேரம் நின்று எல்லோரையும் வரவேற்றது நீங்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவோடு பிறந்தவர் என்று உங்களைக் கையாலேயே போட்டேன். ஒரு நொடிதான். நீங்கள் அம்மாவோடு பிறந்தவர், பெரியம்மா உங்களோடு பிறந்தவர், ஆகவே அவரும் அம்மாவோடு பிறந்தவர், ஆகவே அவள் எனக்கு மறுபடியும் தங்கை. விதியில் ஒரு ஓட்டை கிடையாது, நானே எழுதியது. அதனால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பெரியம்மாவிடம் வாயே திறக்காதீர்கள், குக்கரை நானே மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரே வந்து சர்வேயருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நான் இவனுக்குத் தாய்மாமன், இவன் செய்த மெஷின் சுத்த மோசம், ஒரு உறவும் அதற்குச் சரியாகத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.