வீடு உள்ளவர் ஏழை ஆகார்

நீதிமன்றத்தைப் போலப் பரந்த மனசு இந்த உலகத்தில் வேறெதற்கும் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாங்களே வாதாடலாம் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைத் தினமும் துடைத்தும் வைக்கிறார்கள்.

பலகையை நம்பித்தான் தையல்காரம்மா தன் வீட்டு அடமான வழக்கைத் தானே நடத்தினாள். அவள் கட்டிய ஆறு தவணையைக் கடன் நிறுவனம் வரவு வைக்கவில்லை. ரசீதெல்லாம் பத்திரமாக இருந்தது. ரொம்பவே பத்திரம். ஒன்றுகூடத் தொலையக்கூடாதென்று மனுவோடு சேர்த்து மிஷினில் இரட்டைத் தையல் போட்டுவிட்டாள். 'தைக்கப்பட்டவற்றை இணைப்பாகக் கருத இயலாது' என்று கீழ்க்கோர்ட் தீர்ப்பளித்தது. திங்கட்கிழமை ஏலம். மேல்முறையீடு செய்ய இன்றே கடைசி நாள்.

மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா கட்டணத்தைச் சொன்னார். தையல்காரம்மா சுருக்குப்பையை உதறிப் பார்த்தாள்; பாதிகூடத் தேறவில்லை.

"ஏழைகளுக்குக் கட்டண விலக்கு உண்டும்மா" என்று கனிவோடு ஒரு படிவத்தை நீட்டினார்.

பூர்த்தி செய்து கொடுத்தாள். ஏழாவது கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"சொந்த வீடு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி ஏழை?"

"அந்த வீடு போச்சுன்னு உங்க கோர்ட்டே சொல்லிடுச்சே சார்!"

"ஏலம் முடியற வரைக்கும் அது உங்களோடதுதான்."

கூட வந்த நாத்தனார் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணி, நாம பணக்காரங்களாம். பஸ்ஸுக்குச் சில்லறை தேடினப்போ சொல்லவே இல்லையே நீங்க!"

குமாஸ்தா இளகிய மனசுக்காரர். குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை வாங்க. அன்னைக்கு உங்களுக்கு ஒரு சொத்தும் இருக்காது. வீட்டைக் காப்பாத்தச் சொல்லி இலவசமாவே மனு போடலாம்."

"அதுக்குள்ள கெடு முடிஞ்சிடுமே?"

"தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டுத் தனி மனு. வீடில்லாதவங்களுக்கு அதுவும் இலவசம்!"

சொன்னதோடு நிற்கவில்லை. புதுப் படிவம் எடுத்து, செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு, தன் கையாலேயே நிரப்பினார். எந்த அலுவலகத்தில் கிடைக்கும் இந்த அக்கறை! முகவரிக் கட்டம் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டார்.

"இது மட்டும் காலியா இருக்கட்டும். அன்னைக்கு நீங்க எங்கே இருப்பீங்களோ."

"காலியா எதுக்கு சார்?" என்றாள் தையல்காரம்மா. "இந்தக் கோர்ட்டு விலாசத்தையே எழுதுங்க. வீட்டைப் பிடுங்கின இடம், படுக்க ஒரு பெஞ்சாவது ஒதுக்காதா?"