பார்க்கலாமுங்க: ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிய கதை

வீட்டை வாடகைக்கு விட விரும்புவோர்க்குச் செங்கல், சிமெண்டு, மின்னிணைப்பு ஆகிய அனைத்தினும் இன்றியமையாதது ஒரு சொல். 'இல்லை' என்பதே அது. அச்சொல் நாவில் இல்லாதவர் மாடி கட்டலாகாது. கட்டினாலும் அதில் நெல் காயப்போடலாமேயன்றிக் குடிவைக்கலாகாது. இதை நான் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த வீட்டின் பின்புறம், தண்ணீர் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒருவரிடம் முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது கதவை அவர் மூக்கின்மேல் சாத்துவதற்கு ஒப்பாகும். ஆகையால் 'பாக்கலாமுங்க' என்போம். பெண் கேட்டு வந்தவரிடம் பாக்கலாமுங்க என்றால் சாதகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம் என்று பொருள். கேட்பவரும் புரிந்துகொள்வார். இருவரும் காப்பி குடிப்பர். யார் மனமும் நோகாது. இந்த ஏற்பாடு உலகம் முழுவதற்கும் பொதுவானது என்று நான் நம்பியிருந்ததுதான் பிழை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பீளமேட்டில் பம்பு வார்க்கும் பட்டறையொன்றில் மர அச்சு செதுக்கும் பணியில் இருந்தேன். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றதால், மிச்சத்தை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டவன். (அந்தப் படிப்பின் செருக்கு எவ்வளவு என்பதைச் சற்று நேரத்தில் காண்பீர்கள்.) வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பினேன். அதற்குரிய கதவு, சன்னல் அத்தனையும் என் மனைவி ருக்மணியின் அண்ணன், அவிநாசி பழனிசாமி மச்சான், தம் தோட்டத்து வேப்பமரத்தை வெட்டிக் கொடுத்தவை. ஆகவே அந்த மாடியின் ஒவ்வொரு தாழ்ப்பாளிலும் அவருடைய முகம் எனக்குத் தெரியும்.

'வீடு வாடகைக்கு' என்று எழுதினால் போதுமானது. நானோ, செந்தமிழில் எழுதவேண்டும் என்று எண்ணி, 'இல்லம் வாடகைக்கு ஈயப்படும்' என்று பலகை எழுதி மாட்டினேன். மறுநாள் காலை அடுத்த தெரு அம்மாள் ஒருவர் இரண்டு பித்தளைக் குண்டாக்களோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, ஈயம் பூசிக் குடுக்கறீங்களாமா? ஒரு குண்டாவுக்கு என்னங்க?"

'இல்லீங்க' என்று சொல்லியிருக்கவேண்டும். "பாக்கலாமுங்க" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் குண்டாக்களோடு திரும்பிப் போனார். எங்கள் ஊர்க்காரர், அவருக்குப் புரிந்தது.

அதே வாரம் ஆறுமுகம் வந்தார். திருநெல்வேலிக்காரர், இயந்திர உதிரிப்பாகம் விற்கும் நிறுவனமொன்றில் விற்பனையாளர். உடன் வந்த மனைவி செண்பகம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்த ஆறுமுகம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி எப்பம் வரும்?"

"சிறுவாணித் தண்ணிங்க. ஒருநா உட்டு ஒருநா வருமுங்க."

"நாங்க ரெண்டு நேரமும் குளிக்கணும் பாத்துக்கிடுங்க. ஆத்துல முங்கி வளந்த ஒடம்பு."

என் நெஞ்சுக்குள் மோட்டார் ஓடத் தொடங்கியது. இரண்டு நேரம்! அதுவும் சிறுவாணித் தண்ணீரில்! அந்தத் தண்ணீரை நாங்கள் விருந்தினர்க்குச் சொம்பில் கொடுத்துவிட்டு, அவர் 'ஆகா, என்ன சுவை' என்று சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அதில் இரண்டு நேரம் குளிப்பாராம். அக்கணமே முடிவு செய்தேன், இவருக்கு மாடி இல்லை. முடிவைத் தெளிவாகச் சொல்லியும் விட்டேன்.

"பாக்கலாமுங்க."

"அப்பம் வார வெள்ளிக்கிழம பால் காய்ச்சிரலாமா?"

"பாக்கலாமுங்க."

"சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டு வந்துருதேன்?"

இவ்வளவு சொல்லியும் புரியாதவரைக் கண்டு இரக்கம் உண்டாயிற்று. மறுப்பின் கசப்பு தெரியாமலிருக்கக் காப்பி கொடுத்து, கொல்லை மரத்து முருங்கைக்காய் ஒரு கட்டு பறித்து, செண்பகத்தின் கையில் கொடுத்து, "அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க. போயிட்டு வாங்க" என்று வாசல்வரை சென்று வழியனுப்பினேன். ஒரு மனிதரை இதைவிடத் தெளிவாக எப்படி மறுக்கமுடியும்?

அன்று மாலையே பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் பழனிசாமி மச்சான் அழைத்தார்.

"மாப்ளே, சோமனூர்ல நம்ம தறிக்காரர் பையன், கண்ணாலமாயி மூணு மாசங்கூட ஆவல. கோயமுத்தூர்ல வேலை. மாடிய அவனுக்குக் குடுத்துபோடுங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாரேன்."

"சேரீங்க மச்சான்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒப்புதல் என்றால் அது 'சேரீங்க' என்றுதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் உலகில் உண்டா?

வெள்ளிக்கிழமை வந்தது. ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். அதற்குள் பால் பொங்கியாகவேண்டும். புது வேட்டி உடுத்தி, மாடிச் சாவியை மடிப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லவேண்டும். தொலைந்துவிடக்கூடாது என்று பட்டறைத் தேக்கில் உள்ளங்கையளவு கட்டை ஒன்றைச் செதுக்கி, மெருகேற்றி, அதில் கோத்திருந்தேன்.

ஒன்பதரை மணிக்குத் தெருமுனையில் ஒரு டெம்போ திரும்பியது. முன்னிருக்கையில் ஆறுமுகம். அவர் மடியில் சாமி படம். பின்னால் கட்டில், பீரோ, பருத்த அண்டா ஒன்று. (குளிப்பதற்குத்தான்.) என் கால்கள் தரையோடு வார்த்தவைபோல் நின்றுவிட்டன.

"அண்ணாச்சி, சொன்னபடி வந்துட்டோம்லா!" என்றவாறே அவர் இறங்கினார். பிறகு, செண்பகத்தைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே ஒரு செய்தியையும் சொன்னார். "பழைய வீட்டுச் சாவிய விடியக்காலையே குடுத்தாச்சு. அங்க வேற ஆளு பாலும் காய்ச்சிட்டாங்க. இனி நமக்கு இதாம் வீடு."

என்னிடம் அப்போதும் சில நிமிடங்கள் இருந்தன. 'ஐயா, தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் செண்பகம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து அச்சொல் எழவில்லை. "வாங்க, வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

அவர்கள் என் கூடத்தில் உட்கார்ந்த அதே வேளையில் வாசலில் வேன் நின்றது. முதலில் பழனிசாமி மச்சானின் மீசை இறங்கியது; பிறகு அவர். அவருக்குப் பின்னால் சோமனூர்ப் புதுமாப்பிள்ளை, கையில் புதுப் பால் சட்டியோடு புதுப்பெண், அவளுடைய மாமியார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்குக் குறிப்பிட்டாகவேண்டும். ஒரு வீட்டில் பால் பொங்கிவிட்டால் அது காய்ச்சியவரின் குடி. பால் பொங்கிய கையோடு ஒரு குடும்பத்தை வெளியேற்றும் பாவத்துக்கு எந்தக் கோயிலிலும் பரிகாரம் இல்லை. ஆக, என் கூடத்தில் இரண்டு பால் சட்டிகள். மேலே ஒரே அடுப்பு மேடை. சாவி என் இடுப்பில். மாடிக்கதவு திறந்த மறுகணம் ஒரு குடும்பம் வாழும்; மற்றொன்று தெருவில் நிற்கும். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"யாருங்க மாப்ளே இவங்க?" என்றார் மச்சான்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

"யாரு அண்ணாச்சி இவுக?" என்றார் ஆறுமுகம்.

"சொந்தக்காரங்க" என்றேன். இரண்டும் உண்மை. அன்று நான் பேசிய கடைசி உண்மைகளும் அவையே.

"சேரி, சாவியக் குடுங்க. நேரம் போவுது."

"சாவியக் காணமுங்க மச்சான்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ராகு காலம் வரும்வரை தேடிவிட்டால் இன்று யாரும் பால் காய்ச்ச இயலாது. நாளைக்குள் ஏதாவது நடக்கும். ஒருவேளை எனக்கு மாரடைப்பேனும் வரலாம் என்பதுதான் என் திட்டமாக இருந்திருக்கவேண்டும்.

"அத்தாப் பெரிய கட்டையோட சாவி எப்படிங்க தொலையும்?"

"அதானுங்க எனக்கும் தெரியல."

தேடுதல் தொடங்கியது. அலமாரியைத் தேடினேன். அரிசி டிரம்முக்குள் கைவிட்டேன். சாமி படங்களைத் தூக்கிப் பார்த்தேன். ஆறுமுகம் நல்ல உள்ளத்தோடு பரண்மேல் ஏறினார். புதுமாப்பிள்ளை கட்டிலை நகர்த்தினார். இரு தரப்பாரும் ஒற்றுமையாக, என் இடுப்பில் இருந்த சாவியை என் வீடு முழுவதும் தேடினர். தேக்குக் கட்டை ஒவ்வொரு அடிக்கும் ஓர் அங்குலம் கீழே நழுவிக்கொண்டிருந்தது. முழங்கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு நடந்தேன்.

"மாப்ளைக்கு வயித்து வலிங்களா?" என்றார் சோமனூர் மாமியார்.

"லேசாங்க."

பத்தேகால். மச்சான் தேடுவதை நிறுத்திவிட்டு, நடுக்கூடத்தில் கைகட்டி நின்று என்னையே பார்க்கத் தொடங்கினார். அவிநாசிச் சந்தையில் மாட்டைப் பார்க்கும் பார்வை அது. பல்லைப் பிடித்துப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

"கட்டலுக்கடியில பாத்தீங்களா மாப்ளே?"

குனியாமல் கட்டிலுக்கடியில் பார்க்கும் வித்தையை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. குனிந்தேன். புது வேட்டி தன் கடமையைக் கைவிட்டது. 'டங்' என்ற ஓசையோடு கட்டை தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, மச்சானின் பெருவிரலில் மோதி நின்றது.

பரண்மேலிருந்து ஆறுமுகத்தின் தலை மட்டும் தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்ற நிலையை விவரிக்க எனக்குத் தெரிந்த செந்தமிழ் போதாது.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பொங்கிட்டு! யக்கா, பொங்கிட்டு!"

எல்லோரும் ஓடினோம். என் வீட்டு அடுப்பில், செண்பகத்தின் சட்டியில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ருக்மணி குங்குமச் சிமிழோடு நின்றிருந்தாள்.

"ஏனம்மணி, இதென்ன?" என்றேன்.

"புள்ளத்தாச்சி எத்தன நேரமுங்க நிப்பா? நேரம் போவுதுன்னு அழுதுபோட்டா. நம்மடுப்புலயே காய்ச்சுன்னு சொல்லிப்போட்டேன்."

"சாவி கிடைக்கிற வரைக்கும் பொறுத்திருக்கலாமே…"

"சாவி எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? காலையில இருந்து வேட்டி ஒருபக்கமாத் தொங்குதே!"

மச்சான் கட்டையை எடுத்துத் துடைத்துச் சோமனூர்ப் பெண்ணின் கையில் கொடுத்தார். "போ கண்ணு, மேல போயிக் காய்ச்சு. இன்னும் நேரமிருக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மேல ஒரு குடி ஆச்சு. கீழ ஒரு குடி ஆச்சு. நீங்க எங்கீங்க மாப்ளே குடி போறீங்க?"

எனக்கு ஒரே ஒரு விடைதான் தெரியும்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

அவர் மீசை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பால்தான் என் குடும்ப உறவு அன்று பிழைத்தது.

அன்று பிற்பகலே நானும் ருக்மணியும் பின்புறத்து மோட்டார் அறைக்குப் பாயைத் தூக்கினோம். பிரசவம் வரைக்கும் என்று ஏற்பாடு. பிரசவம் ஆன பின் குழந்தைக்குத் தலை நிற்கும்வரை என்றார்கள். தலை நின்ற பின் நடக்கும்வரை. அந்தப் பெண்குழந்தை நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்த பிறகே என் அடுக்களை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் மோட்டாரின் ஓசை இல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது என்ற நிலை ஏற்பட்டிருந்தது. இரண்டு நேரம் குளிப்பேன் என்ற ஆறுமுகம் ஒரு நேரத்துக்கு ஒரு வாளிக்குமேல் தொட்டதில்லை. ஒரு நேரம் குளித்த சோமனூர் மாப்பிள்ளை, தொட்டி காலியாகும்வரை குழாயடியில் நின்று பாடுவார். (வீட்டுச் சொந்தக்காரர்களே, எத்தனை நேரம் குளிப்பீர் என்று கேளாதீர், பாடுவீரா என்று கேளுங்கள்.)

அந்தக் குழந்தை என்னைப் 'பாக்கலாம் தாத்தா' என்றே அழைத்துப் பழகியது. மிட்டாய் கேட்டாலும், கடைவீதிக்குக் கூப்பிட்டாலும் நான் சொன்ன சொல் அது ஒன்றுதானே. இன்று அவள் வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறாள். தொலைபேசியில் அழைத்தால் ருக்மணியிடம் முதலில் கேட்பது, "பாக்கலாம் தாத்தா இப்பம் எந்த ரூம்ல இருக்காரு?" என்பதுதான்.

சென்ற மாதம் மாடி காலியாயிற்று. வாடகைக்குக் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். கூடவே ஆளுயர நாய் ஒன்றும் வந்தது. இத்தனை ஆண்டுப் படிப்பினையையும் ஒன்றுதிரட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, வாழ்வில் முதன்முறையாகச் சொன்னேன்.

"இல்லீங்க."

அவர் முகம் வாடியது. நாயும் என்னைப் பார்த்தது. இரண்டு முகங்களையும் ஒருசேரப் பார்க்க என்னால் இயலவில்லை. உள்ளே ஓடி, முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்துவந்து அவர் கையில் திணித்து, "மனசுல வெச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எப்ப வரட்டுங்க சார்?"

அடுக்களையிலிருந்து ருக்மணி குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, நமக்கு மோட்டார் ரூமைக் கூட்டி வெச்சுரட்டுங்களா?"