நான்தான் ஆன்ட்டியின் குற்றங்கள்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இதுவரை நடந்த குற்றங்கள் அனைத்தையும் செய்தவர் ஒரே ஒருவர்தான். சர்ச் ஐக்கிய விருந்தில் பொரித்த கோழி மாயமானதிலிருந்து மலைச்சாலை சரிந்து விழுந்ததுவரை எல்லாம் அவர் கைங்கரியம். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. "யாரு செஞ்சது?" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார்.

"நான்தான்."

அதனால் அவர் நான்தான் ஆன்ட்டி. சொந்தப் பெயர் ஏதோ இருக்கிறது. மருமகளாக இங்கே வந்த புதிதில் கேட்டேன். என் கணவருக்கே தெரியவில்லை. அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையில் பூ விற்பார். மிஞ்சிய செவ்வந்தியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சுக்கு வந்துவிடும்.

ஒருமுறை மழையில் ரோடு சரிந்து, தானா ராத்தா டவுனிலிருந்து வர வேண்டிய போதகர் வந்து சேரவில்லை. சபை மூப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இதுக்கெல்லாம் யாரக் குத்தம் சொல்றது?" என்று பொதுவாகத்தான் சலித்துக்கொண்டார்.

"நான்தான் மூப்பரே. பூச்செடி காயுதேன்னு நேத்து மழைக்கு ஜெபம் பண்ணேன். கொஞ்சம் ஓவரா பண்ணிட்டேன் லா."

மூப்பர் ஓய்வுபெற்ற கிராணி. எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, யார் வேலைக்கு வந்தார்கள், யார் மட்டம் போட்டார்கள் என்று ஆயுசு முழுக்கப் பார்த்தவர். அவர் ஓய்வு பெற்றாலும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. கூரைமேல் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பையன்களின் பந்து உடைத்தபோது, விசாரணை உடனே தொடங்கியது.

"நான்தான் உடைச்சேன்," என்றார் ஆன்ட்டி.

"கூரையில ஏறியா?"

"ஆமா."

"முட்டி வலின்னு நேத்துதான ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"ஏறினதாலதான வலி!"

பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். பொய் பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். இந்த ஆன்ட்டியின் பொய்யை எதில் சேர்ப்பது என்று எனக்குப் பெரிய குழப்பம். திருவிருந்துக்கு வைத்திருந்த திராட்சை ரசத்தை என் நாலு வயது மகன் குடித்துத் தீர்த்த நாளில் அந்தக் குழப்பத்தைச் சற்று ஒத்திவைத்தேன்.

'டீச்சர் பிள்ளையே இப்படியா?' என்று சபை கேட்கும், மாமியார் கேட்பார், மலைக்குக் கீழே என் அம்மாவரைக்கும் செய்தி போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"நான்தான் குடிச்சேன். தாகமா இருந்துச்சு."

மூப்பர் ஆன்ட்டியின் வாயைப் பார்த்தார். பிறகு, மூக்குவரை ஊதா நிறமாக நின்ற என் மகனைப் பார்த்தார்.

"இவன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நான் குடிக்கிறதப் பாத்து ஆசப்பட்டான். சும்மா கொஞ்சம் தடவி விட்டேன்."

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும். ஆனால் பினாங்குக்கு வேலைக்குப் போயிருந்த ஸ்டெல்லா, சென்ற வருடம் கைக்குழந்தையோடு தன் அப்பாவின் லைன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கூடக் கணவன் இல்லை. அவளுடைய மகனுக்கும் சில மாதமே ஆன என் மகளுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் கொடுப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். மூப்பருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டெல்லாவின் பிள்ளைக்கு மட்டும் வாரநாளில், ஆள் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஒளிச்சு வச்சுக் குடுக்கிறதா இருந்தா வேணாம்க்கா," என்று ஸ்டெல்லா என்னிடம் சொன்னாள். "இங்கயே எடம் இல்லன்னா பினாங்குக்கே திரும்பிப் போயிடுறேன்." அங்கே அவளுக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தோம். மூப்பர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க பிள்ளைக்கும் அதே நாள்தான டீச்சர்? உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்றால் மாமியார் என்ன சொல்வார், இருக்கிறது என்றால் ஆண்டவர் என்ன சொல்வார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் ஸ்டெல்லாவிடம் போய்விட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. பிள்ளைக்கு அப்பன் யாருன்னு சபைக்குத் தெரிய வேணாமா?"

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பீடத்தருகே, பூச்சாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

யாருடைய பிஸ்கட்டோ தேநீருக்குள் விழுந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் மூப்பர்.

"அப்பன் நான்தான்ங்கிறேன்."

"ஆன்ட்டி, நீங்க பொம்பள!"

"அதான் வெக்கப்பட்டு இத்தன நாளா சொல்லல."

முதலில் சிரித்தவள் ஸ்டெல்லாதான். ஊருக்குத் திரும்பியபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப்பின் சர்ச்சே குலுங்கியது. மூப்பர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் தோள்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. செவ்வந்தித் தண்டை நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஆனா இனிமே அந்தப் பிள்ளைய நிக்க வச்சுக் கேக்காதீங்க மூப்பரே. கேக்கணும்னா என்னக் கேளுங்க. எனக்குப் பழக்கம்."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்ல வச்சுக்கலாம்ல டீச்சர்?" என்றார்.

"வச்சுக்கலாம்," என்றேன். வாழ்க்கையில் யோசிக்காமல் நான் சொன்ன ஒருசில பதில்களில் அது ஒன்று.

ஞானஸ்நானத்தன்று தேயிலைச் செடிகூடத் தெரியாத பனி. லைன் வீட்டிலிருந்து ஸ்டெல்லாவுக்குக் குடை பிடித்துக் கூட்டி வந்தவர் மூப்பர். ஆன்ட்டி ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, போதகரைக் கேட்காமலே தொட்டியில் கலந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் அழவில்லை.

என் மகளும் ஸ்டெல்லாவின் மகனும் இப்போது நடக்கப் பழகுகிறார்கள். இந்த இரண்டும் வளர்ந்து என்னென்ன தப்பு செய்யுமோ, யார் என்ன சொல்வார்களோ என்று கவலைப்படுவதை நான் விடவில்லை. ஆனால் படுக்கும்போது, நான்தான் ஆன்ட்டி இருக்கும் மலையில்தான் இவர்கள் வளர்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கண் தானாக மூடிக்கொள்ளும்.